ஏர் கார்கோ காசு வாங்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள்: விசா கேன்சலில் ஊர் திரும்புகிறவர்கள் கவனத்துக்கு

துபாய், ஷார்ஜாவில் இருந்து ஊருக்குப் பெட்டி கட்டப் போகிற மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் கார்கோ போடுங்கள். கடை பெயர் சொல்லவில்லை, கேஸ் போட்டிருக்கிறேன். துபாய் தேரா பகுதியில் இருக்கிறது, "மதுரைக்கு டோர் டெலிவரி" என்று தமிழிலேயே போர்டு, உள்ளே நம்ம ஊர்ப் பையன், "வாங்கண்ணே, டீ சொல்லவா" என்றுதான் ஆரம்பிப்பான்.

லீவில் வருகிறவன் பெட்டியில் டாங், நிடோ, கோடாலி தைலம், பேரீச்சம்பழம், ஒரு மிங்க் போர்வை இருக்கும். (இதெல்லாம் விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போனால் கிடைக்காதா என்று என் வீட்டம்மா வருஷா வருஷம் கேட்பாள். கிடைக்கும்தான். ஆனால் பெட்டி வராவிட்டால் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள்.) கேன்சலில், அதாவது விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறவன் கதை வேறு. நான் ஏசி மெக்கானிக். கேஜ் செட், வேக்குவம் பம்ப், ஃப்ளேரிங் டூல், கிளாம்ப் மீட்டர் என்று சம்பளம் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, ஷார்ஜா ரோலாவில் ரூமில் என் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பெட்ஸ்பேஸில், அதாவது ஒரு கட்டில் இடம் மட்டும் வாடகைக்கு எடுத்து இருக்கிறவனுக்குக் கட்டிலுக்கு அடிதான் பட்டா நிலம். திருமங்கலத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போடத்தான் அத்தனையும்.

2024-இல் கேன்சல் அடித்து வந்தேன். டூல்ஸ் உடனே வேண்டும் என்பதால் கப்பல் வேண்டாம், ஏர் என்று சொல்லி, கிலோவுக்கு அதிகம் கொடுத்துப் போட்டேன். சீட்டில் ஏர் என்கிற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தான். பத்து நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்றான். பாஸ்போர்ட் நகல், கேன்சல் பேப்பர், டிக்கெட் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டான்.

பத்து நாள் போய், மாதமும் போனது. போன் போட்டால் "கஸ்டம்ஸ்ல நிக்குதுண்ணே", அடுத்த வாரம் "ஸ்கேனிங் மிஷின் ரிப்பேருண்ணே", அப்புறம் போனே எடுப்பதில்லை. ஒருவழியாக ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கிற அவர்களுடைய குடோனில் இருந்து கூப்பிட்டு, பெட்டி வந்துவிட்டது, கஸ்டம்ஸ் டூட்டியும், பெட்டி அளவுக்கான வால்யூம் காசும் கட்டினால் இறக்குகிறோம் என்றார்கள். டோர் டெலிவரிக்கு அங்கேயே கட்டியாச்சே என்றால், அது வேறு இது வேறாம்.

வால்யூம் கணக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஏர் கார்கோவில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். மூன்று பக்கமும் 60 சென்டிமீட்டர் இருக்கிற போர்வைப் பெட்டி தராசில் 18 கிலோதான் காட்டினாலும் கணக்கில் 36 கிலோ ஆகிவிடும். ஆனால் அதைச் சாமான் எடுக்கும்போதே அளந்து சீட்டில் எழுத வேண்டும். பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு மதுரையில் வந்து அளப்பது வசூல், அவ்வளவுதான்.

டூட்டி விஷயம் இன்னும் மோசம். நான் வந்தபோது இருந்த 2016 கஸ்டம்ஸ் பேக்கேஜ் (பயணி கொண்டுவரும் சாமான்) விதிப்படி, ரெண்டு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்புகிறவருக்கு, சில நிபந்தனைகளோடு, 5 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமானுக்கு வரியில்லை. டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் என்பார்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும்போது எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: என் பெயரில் டூட்டி கட்டின ரசீது எங்கே? "மொத்த லோடுக்கும் ஒண்ணாக் கட்டுனதுண்ணே, தனி ரசீது கிடையாது." அப்படியென்றால் என் பாஸ்போர்ட் நகலை வைத்து யார் சாமானை எடுத்தார்கள் என்று கேட்டேன், பதிலே இல்லை. இனி எவனுக்கு நகல் கொடுத்தாலும் குறுக்கே "இந்தச் சீட்டு எண்ணுக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

பெட்டியைப் பார்த்ததுமே வயிறு கலங்கிவிட்டது. கடைப் பெயர் அச்சடித்த பிரவுன் டேப்புக்கு மேலே வெறும் கண்ணாடி டேப் இன்னொரு சுற்று. டெலிவரிக்காரன் கையெழுத்து கேட்டு நச்சரித்தான், பிரித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்று அவன் முன்னாலேயே போனில் வீடியோ எடுத்தபடி பிரித்தேன். போர்வை இருந்தது, டாங் இருந்தது. வேக்குவம் பம்ப் இருந்த இடத்தில் எடைக்கு எடை சுருட்டித் திணித்த மலையாள நியூஸ் பேப்பர். ரூம்மேட்கள் புண்ணியத்தில் கொஞ்சம் மலையாளம் வாசிப்பேன். கொச்சிப் பதிப்பு. தேதி, நான் பெட்டியைக் கடையில் கொடுத்ததற்கு ஒரு மாதத்துக்கு அப்புறம். கேஜ் செட்டும் கிளாம்ப் மீட்டரும் காணோம்.

பெட்டி விமானமே ஏறவில்லை, கப்பலில்தான் வந்திருக்கிறது என்று பிறகுதான் கறந்தேன். ஏர் வே பில் (விமானச் சரக்குக்கான சீட்டு) நம்பர் கேளுங்கள், இது ரொம்ப முக்கியம். 11 இலக்கம், முதல் மூன்று எந்த ஏர்லைன் என்று சொல்லும், அந்த ஏர்லைன் தளத்தில் போட்டால் சரக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும். கடைக்காரன் தன் சீட்டு நம்பரையே திரும்பத் திரும்பச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. நிஜமாகவே விமானத்தில் வந்து சேதமாகியிருந்தால் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பர் கடைசியில் இருந்து சரக்குக்கான நஷ்டஈட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஒரு எஸ்டிஆர் நூறு ரூபாய்க்கு மேல் போகும். விலை கூடின சாமான் என்றால் போடும்போதே மதிப்பை எழுதி, அதற்கான கூடுதல் காசைக் கட்டினால்தான் இந்த வரம்பைத் தாண்டிக் கேட்க முடியும். வாயால் சொன்னது செல்லாது.

குடோன்காரர்கள் "நாங்க டெலிவரி மட்டும்தான், துபாய்ல போய்க் கேளுங்க" என்று கையை விரித்தார்கள். துபாய்க்கு எல்லாம் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கேஸ் போடலாம், கட்டின காசு 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் கமிஷனில் கட்டணமும் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மதுரையிலேயே போட்டுவிட்டேன். எதிர்த்தரப்பு பதில் கொடுக்க 30 நாள், போனால் போகிறது என்று இன்னொரு 15 நாள், அதற்கு மேல் கிடையாது. இதே கடையில் ஏர் என்று போட்டுக் கப்பலில் வாங்கினவர்கள் யாராவது இருந்தால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், வக்கீல் கேட்கிறார்.