பாரி ஜிபி: ஒரு 21 இலக்க எண்ணைக் கொண்டு சோதித்துப் பார்த்தது

எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கென்றே பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோஹென் குழுவினர் உருவாக்கிய கட்டற்ற மென்பொருளான பாரி ஜிபியை, 147573952589676412927 என்ற ஒரே எண்ணைக் கொண்டு சோதித்தேன். 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் இந்த எண்ணை 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் பகா எண் என்று பட்டியலிட்டார். அது பகு எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினாலும், அதன் காரணிகள் 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோலின் உழைப்பால் வெளிப்பட்டன.

காரணிப்படுத்தும் கட்டளையை இட்டவுடன், காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல், 193707721, 761838257287 என்ற இரு பகாக் காரணிகளும் திரையில் வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் 1-ஐக் கழித்து 67-ஆல் வகுத்தேன். கோட்பாடு சொல்வது போலவே மீதி இல்லை. 8-ஆல் வகுத்தபோது முறையே 1, 7 என்ற மீதிகள் வந்தன. 2-இன் ஒற்றைப்படைப் பகா அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் மெர்சென் எண்ணின் காரணிகளுக்கு இவ்விரண்டைத் தவிர வேறு மீதி வர இயலாது. ஆய்லர் சார்பின் மதிப்பு, அதாவது இந்த எண்ணைவிடச் சிறியதாகவும் அதனுடன் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாமலும் உள்ள எண்களின் எண்ணிக்கை, 147573951827644447920 என்று வந்தது.

இம்மென்பொருளின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது பகாத்தன்மைச் சோதனைதான். நம் எண்ணை N என்று கொண்டால், 2-இன் 67-ஆம் அடுக்கை N-ஆல் வகுக்கும்போது மீதி 1; N−1 என்பது 67-ஆல் வகுபடும் என்பதால் 2-ஐ N−1 அடுக்குக்கு உயர்த்தி N-ஆல் வகுக்கும்போது மீதி 1 வருகிறது. ஆகவே, பகா எண் எனில் இந்த மீதி 1 ஆக வேண்டும் என்று பார்க்கும், 2-ஐ அடிமானமாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் இது பகா எண்ணைப் போலவே தேறிவிடுகிறது. அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அதே அடிமானத்தில் ஏமாந்துபோகிறது. பாரி ஜிபியோ அதனுடன் லூக்கா வகைச் சோதனையையும் சேர்த்தே நடத்துவதால், இவ்வெண் பகா எண் அன்று என்று சரியாகவே விடையளிக்கிறது. அந்தக் கூட்டுச் சோதனையை ஏமாற்றும் பகு எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்றாலும், அதை நிறுவலாகக் கொள்ளாமல், நிறுவல் தரும் கட்டளையைத் தனியாக வைத்திருக்கும் நேர்மையை மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்த நேர்மை காரணிப்படுத்தும் கட்டளையில் முழுமையாகத் தொடரவில்லை என்பது என் வருத்தம். 2-இன் 64-ஆம் அடுக்கைத் தாண்டிய காரணிகளை அது இயல்பு அமைப்பில் கூட்டுச் சோதனையை மட்டும் நம்பிப் பகா எண் என்று காட்டுகிறது. நிறுவல் வேண்டுவோர் அதற்குரிய அமைப்பைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும். நினைவக ஒதுக்கீடு போதாதபோது கணக்கு பாதியில் நின்றுவிடுவதும் புதியவர்களைத் திகைக்க வைக்கும். ஒதுக்கீட்டை உயர்த்தும் கட்டளையை முதல் நாளே கற்றுக்கொள்வது நல்லது. ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த 100 இலக்க எண்ணைப் பிரிக்க விரும்புவோர், அதற்கெனவே எழுதப்பட்ட காடோ என்எஃப்எஸ் போன்ற மென்பொருளை நாடுவதே பொருத்தம்.