டிபி2 குவெரி கண்காணிப்பு: ஸ்டேட்மென்ட் கேச்சா, அக்கவுன்டிங் ட்ரேஸா?

இசட்/ஓஎஸ் என்ற ஐபிஎம் மெயின்ஃப்ரேம் இயங்குதளத்தில் ஓடும் டிபி2 டேட்டாபேஸில் சிபியுவைத் தின்னும் எஸ்க்யூஎல் குவெரியைப் பிடிக்க வேண்டுமானால், ஓடும்போது தயாராகும் குவெரிகளை நினைவகத்தில் வைத்திருக்கும் டைனமிக் ஸ்டேட்மென்ட் கேச்சில் தேடலாம். ஒவ்வொரு வேலையும் எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, இசட்/ஓஎஸ்ஸின் பதிவேடான எஸ்எம்எஃப்பில் 101 ரெக்கார்டாக விழும் அக்கவுன்டிங் ட்ரேஸிலும் தேடலாம். எதை முதலில் திறப்பது என்பதை வந்த புகார்தான் தீர்மானிக்கும்.

சிபியு செலவு ஏறுகிறது என்றால் கேச்தான் முதலில். மானிட்டர் ட்ரேஸ் என்ற கண்காணிப்புப் பதிவின் 29ஆம் கிளாஸை (பிரிவை) ஸ்டார்ட் செய்யுங்கள். அதிலுள்ள ஐஎஃப்சிஐடி (ட்ரேஸ் பதிவு வகையின் எண்) 318 ஓடாவிட்டால் புள்ளிவிவர நெடுவரிசைகள் எல்லாம் பூஜ்யமாகவே நிற்கும். உங்கள் ஐடியில் டிஎஸ்என்_ஸ்டேட்மென்ட்_கேச்_டேபிள் இருக்க வேண்டும். பிறகு 'எக்ஸ்ப்ளெய்ன் எஸ்டிஎம்டிகேச் ஆல்' ஓட்டி அந்த டேபிளில் கேச்சின் விவரங்களை நிரப்பி, ஸ்டாட்_சிபியு (சிபியு நேரம்) படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். எஸ்க்யூஎல்ஏடிஎம் போன்ற அதிகாரம் இல்லாதவருக்கு அவர் ஐடியின் குவெரிகள் மட்டுமே வரும்.

மேலே வந்த வரியில் ஸ்டாட்_இரோ-வையும் (அலசிய வரிகள்) ஸ்டாட்_ப்ரோ-வையும் (தேறிய வரிகள்) சேர்த்துப் பாருங்கள். 10 லட்சம் வரிகளை அலசிவிட்டு 20 வரிகள்தான் தேறின என்றால் இண்டெக்ஸில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் நெருக்கமாக இருந்து ஸ்டாட்_எக்ஸெக் (ஓடிய தடவைகள்) மட்டும் எகிறியிருந்தால் குவெரியைக் குறை சொல்லிப் பயனில்லை. புரோகிராம் அதை லூப்பில் கூப்பிடுகிறது.

கேச் ஏமாற்றும் இடங்களும் உண்டு. கணக்கு எண்ணை லிட்டரலாக, அதாவது குவெரிக்குள்ளேயே நேரடி மதிப்பாக ஒட்டி அனுப்பினால் ஒவ்வொரு எண்ணுக்கும் தனி என்ட்ரி விழும். செலவு சிதறிவிடுவதால் எதுவுமே மேலே வராது. மதிப்பு வரும் இடத்தில் பாராமீட்டர் மார்க்கர் (?) போட வையுங்கள். கேச் நிரம்பினால் பழைய என்ட்ரி வெளியேறும், கூடவே அதன் எண்களும் போய்விடும். எனவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து வித்தியாசம் காணுங்கள். ஸ்டாட்_டிஎஸ் (புள்ளிவிவரம் தொடங்கிய நேரம்) மாறியிருந்தால் மட்டும் கழிக்கக் கூடாது; கவுன்டர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது.

'ஸ்கிரீன் மெதுவாக வருகிறது' என்ற புகாருக்கு அக்கவுன்டிங்தான் சரி. கிளாஸ் 1 (மொத்த நேரம்) நேரத்தில் கிளாஸ் 2-ஐ (டிபி2-வுக்குள் போன நேரம்) கழித்தால், டிபி2-வுக்கு வெளியே, அதாவது அப்ளிகேஷனிலும் நெட்வொர்க்கிலும், போன நேரம் தெரியும். இதைக் கேச் ஒருபோதும் காட்டாது. கிளாஸ் 2 நேரத்திலிருந்து சிபியுவையும் கிளாஸ் 3 காத்திருப்பையும் கழித்தபின் பெரிதாக ஏதாவது மிஞ்சினால், சிபியு கிடைக்காமல் த்ரெட் (டிபி2-வில் அந்த வேலை) வரிசையில் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். வேலைகளுக்கு வரிசை தரும் டபிள்யூஎல்எம்மின் முன்னுரிமையில் கை வைக்க வேண்டியிருக்கலாம்.

டிடிஎஃப் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் வெளியிலிருந்து, வருபவற்றுக்கு அக்யூம்ஏசிசி பாராமீட்டர் வழக்கமாக 10 என்றிருக்கும். பத்துப் பரிவர்த்தனைகளின் கணக்கு ஒரே ரெக்கார்டில் கலந்துவிடும். இழுத்த ஒன்று ஒன்பதுக்குள் மறைந்துபோகும். 'நோ' என்று மாற்றினால் தெளிவு கிடைக்கும், எஸ்எம்எஃப் அளவும் வீங்கும்.

கோபால் (COBOL) மொழிப் புரோகிராம்களில் எழுதி, ஓடும் முன்பே பைண்ட் செய்து பேக்கேஜாக வைத்த ஸ்டாட்டிக் எஸ்க்யூஎல்லுக்கு 'எக்ஸ்ப்ளெய்ன் எஸ்டிஎம்டிகேச்' வழி உதவாது. அக்கவுன்டிங்கின் கிளாஸ் 7, 8-இல் எந்தப் பேக்கேஜ் என்று பிடித்து, பிறகு ஐஎஃப்சிஐடி 401-இல் ஸ்டேட்மென்டைத் தேடுங்கள். 318-க்குத் துணையான 400-உம் அதே 29ஆம் கிளாஸில்தான் இருக்கிறது. இதற்கும் மேல் விவரம் தரும் பெர்ஃபார்மன்ஸ் ட்ரேஸை ஒரு பிளானுக்கு (ஒரு அப்ளிகேஷனுக்கு), சில நிமிடங்களுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள்.