முகமா, தெருவா, டீ கிளாஸா? ஓர் இண்டி கேம் அட்டைக்கு மூன்று வரைவுகள்

நண்பன் ஒருவன் இரண்டு வருடமாக ஒரு சின்ன இண்டி கேம், அதாவது பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத கேம், செய்துகொண்டிருக்கிறான். பெயர் ‘கடைசி டீ’. நள்ளிரவுக்கு மேல் திறந்திருக்கும் டீக்கடை, அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லாதவர்கள். டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம், சண்டை கிடையாது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஏற்றுவதற்கான 100 டாலரைக் கட்டிவிட்டு, “அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி” என்று வந்து நின்றான். ‘மட்டும்தான்’ என்கிற சொல்லை அவன் அன்று யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

மூன்று வரைவு போட்டேன். ஒன்று, டீ மாஸ்டரின் முகம். இரண்டு, மழையில் நனைந்த தெரு, அதன் கோடியில் கடை. மூன்று, அந்தரத்தில் நிற்கும் இரண்டு கிளாஸ்கள், நடுவே கயிறு மாதிரி இறங்கும் டீ, பிடித்திருக்கும் கையை மட்டும் காணோம்.

ஸ்டீம் ஒரே ஒரு படம் கேட்டால் தகராறே இல்லை. கடைக்கு மட்டும் பிக்சல் கணக்கில் நான்கு அளவு கேட்கிறது: 920×430, 1232×706, நெட்டுக்குத்தாக 748×896, அப்புறம் எல்லாவற்றிலும் பொடியான 462×174. வாங்கிய கேம்கள் வரிசையாக நிற்கும் லைப்ரரிக்கு 600×900 தனி. இதில் உயிரை எடுப்பது அந்தப் பொடிப் படம்தான். தேடல் பட்டியலிலும் விற்பனை வரிசையிலும் நிற்பது அது. அதையும் ஸ்டீம் தானாகவே 184×69, 120×45 என்று இன்னும் சுருக்கிக்கொள்கிறது. 120×45 என்றால் பஸ் டிக்கெட்டை இரண்டாக மடித்த அளவு. அதனால் மூன்று வரைவையும் முதலில் அந்த அளவுக்குக் குறைத்து, ஸ்டீம் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டில் மற்ற கேம்களுக்கு நடுவே ஒட்டிப் பார்த்தேன். பெரிய திரையில் தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகுதான்.

முகம் சுருங்கினாலும் சாகவில்லை. கண் முதலில் முகத்தைத்தான் தேடும், அது பழைய சங்கதி. ஆனால் எந்த மாதிரி முகம் என்பதில் எல்லாம் இருக்கிறது. 2017இல் வந்த ‘ஹாலோ நைட்’ கேம் நினைவிருக்கிறதா? வெள்ளை முகமூடி, இரண்டு கொம்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. நகத்தளவுக்குக் குறைத்தாலும் அது அதுவாகவே இருக்கும், ஏனென்றால் அது முகம் என்பதைவிட ஒரு குறி. எங்கள் மாஸ்டருக்கோ நரைத்த மீசை, நெற்றிச் சுருக்கம், தோளில் துண்டு. போனில் ஒரு நொடி அம்மாவிடம் காட்டினேன். “எந்தக் கட்சி?” என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் தப்பு அம்மாவுடையது இல்லை. பெரிய மீசை, பக்கவாட்டுப் பார்வை, பின்னால் சிவப்பு வெளிச்சம் என்றால் நம் ஊரில் அது போஸ்டர்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த முகம் வேறு கேமுக்கு வாக்குக் கொடுக்கிறது. முறைக்கிற ஆளைப் பார்த்தால் பழிவாங்கும் கதை என்றுதான் எவரும் நினைப்பார். அப்படி நினைத்து வாங்கியவர் உள்ளே வந்து பாலைக் கொதிக்கவிட்டுக் காத்திருப்பாரா? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ‘கடைசி டீ’ முடியவே மூன்று மணி நேரம்தான் ஆகும். தப்பான ஆளை உள்ளே இழுத்தால் பாதிக் கதையில் எழுந்து போய்விடுவார்.

அட்டையில் ஓவியம், உள்ளே புள்ளிப் படம் என்றாலே ஏமாற்று என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’ அட்டையில் இருப்பதும் ஓவியம்தான், உள்ளே ஓடுவது பொடிப்பொடியான பிக்சல்கள். ஆனால் ஓவியம் சொல்வதும் பேய்க் கூட்டத்தோடு மல்லுக்கட்டு, உள்ளே நடப்பதும் அதுவே. கோடு மாறலாம், சேதி மாறக்கூடாது. ஸ்டீமும் ஸ்கிரீன்ஷாட் பகுதியில்தான் நிஜ ஆட்டம் தெரிய வேண்டும் என்கிறது, அட்டையில் இல்லை.

தெரு வரைவு நண்பனுக்கு உயிர். எனக்கும் வரைந்ததில் அதுதான் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன். ஈரத் தாரில் நியான் நிறம், பெஞ்சில் பாதி கரைந்த ஓர் உருவம், கடைக்குள் ஒற்றைக் குண்டு பல்பு. 1232 அகலத்தில் பார்த்தால் மண்வாசனையே வரும். 462க்குக் குறைத்தேன், பல்பு நாலு பிக்சல் ஆனது. 120இல் பெஞ்சும் இல்லை, பேயும் இல்லை. போதாததற்கு நான் தீட்டியது இரவின் கருநீலம். ஸ்டீம் கடையின் பின்புலமும் கருநீலம். கண்ணை இடுக்கிப் பார்த்தால், அந்த வரிசையில் எங்கள் படம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது.

“ஸ்டார்டியூ வேலி அட்டையில் காட்சிதானே இருக்கிறது?” என்று நண்பன் மடக்கினான். இருக்கிறது. ஆனால் அங்கே கண்ணில் படுவது மரப்பலகையில் செதுக்கிய மாதிரியான பெரிய பெயர். வானமும் பச்சையும் அந்த எழுத்துக்கு விரித்த பாய். எங்கள் தெருவில் எழுத்துக்கு இடமே வைக்கவில்லை, வானத்தையும் மழையால் நிரப்பிவிட்டேன்.

இண்டி கேம்கள் கிடைக்கும் இன்னொரு கடையான இட்ச் தளத்தில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் நான் தெருவுக்கே கை தூக்கியிருப்பேன். அங்கே அட்டை 630×500, கிட்டத்தட்ட சதுரம். வழக்கமான பின்புலமும் வெளிறியது, இருட்டுப் படம் தனித்துத் தெரியும். அசையும் கிஃப் வைக்கவும் விடுகிறார்கள், பல்பு மினுங்கினால் போதும். ஸ்டீமிலும் தெருவுக்குப் போக்கிடம் கிடைத்தது. லைப்ரரியில் கேமின் பெயருக்குப் பின்னால் விரியும் 3840×1240 படத்தில் எழுத்தே இருக்கக்கூடாது என்பது விதி. தெருவைத் தூக்கி அங்கே போட்டதும் நண்பனின் முகம் தெளிந்தது.

மூன்றாவது, டீ கிளாஸ். அம்மா பார்த்ததும் “டீ” என்றார். போனைத் திருப்பப் போனபோது, “இரு, கை எங்கே?” என்றார். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இத்தனை பாடு. ‘அண்டர்டேல்’ 2015இல் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் ஒரு சிவப்பு இதயமுமாக நின்றது. உள்ளே போனால்தான் சண்டையில் நாம் நகர்த்துவதே அந்த இதயம் என்று தெரியும். எங்கள் கேமிலும் மவுஸைப் பிடித்துச் செய்வது டீ ஆற்றுவதுதான். விளையாடுகிறவரின் கைவேலை அட்டையிலேயே இருக்கிறது. செம்மண் நிற டீத் தாரை கருநீலத்தின் மேல் பளிச்சென்று ஏறுகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன், அப்போதும் தாரை தனியாக நின்றது.

குறை இல்லாமல் இல்லை. டீ ஆற்றுவது மேலிருந்து கீழே. 748×896இலும் 600×900இலும் அது ராஜா. படுத்த நிலையில் இருக்கும் 462×174இல் தாரை அரை விரல் நீளத்துக்குக் குறுகி, சாயம் கசிந்த கறை மாதிரி ஆகிவிட்டது. சாய்த்துப் பார்த்தேன், யாரோ டீயைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் பொடிப் படத்தில் தாரையை எடுத்துவிட்டேன். வலது ஓரம் ஒரு கிளாஸ், ஆவி, மிச்சம் முழுக்கப் பெயர். அந்த அளவில் பெயரே கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளட்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டியும் சொல்கிறது.

விளையாட்டின் ஸ்கிரீன்ஷாட்டையே வெட்டி மேலே பெயரை ஒட்டுவது என்று நாலாவது வழி ஒன்று உண்டு. காசு மிச்சம். ஆனால் விளையாடும் கண்ணுக்காக அடுக்கிய காட்சி, கடந்து போகிற கண்ணுக்கு உதவாது. ஏஐ வரைந்தால் என்ன என்றும் நண்பன் கேட்டான். அட்டையில் ஆறு விரல் தெரிந்தால் பேய்க் கதைக்குப் பொருத்தம்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

சின்ன விழா ஒன்றில் கிடைத்த விருதின் இலைச் சின்னத்தை மூலையில் வைக்க ஆசைப்பட்டான். முடியாது. 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் அட்டையில் படம், கேமின் பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு இவை மட்டும்தான். விருது, மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதுவும் கூடாது. எனக்கு அந்த விதி பிடித்தே இருந்தது, அந்த இலைகள் எப்போதும் கிளாஸின் மேல்தான் வந்து விழுந்தன.

ஆக கிளாஸ் முடிவானது. எழுத்துக்கு வந்தோம். பெரிய படங்களில் தமிழில் பெரிதாக, கீழே ஆங்கிலத்தில் சிறிதாக. பொடிப் படத்தில் இரண்டுக்கும் இடமில்லை, ஆங்கிலம் மட்டும் போதும் என்றேன் நான். “தமிழ்தான் மச்சான்” என்று ஒரே பிடி. சரி என்று தமிழில் போட்டு 120க்குக் குறைத்தால், ‘டீ’யின் மேல் சுழி அடைத்துக்கொண்டு ‘கடைசி டி’ என்று நிற்கிறது. இப்போது அந்தச் சுழியை மட்டும் கையால் விரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு பிக்சல் கிடைத்தால் தீர்ந்துவிடும், ஆனால் அந்தப் பக்கம் ஆவி இருக்கிறது.