நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? ஊட்டிக் கிழங்கு டெஸ்ட்

ஊட்டி மார்க்கெட்ல வாங்குன உருளைக்கிழங்கு வறுவலுக்கா குழம்புக்கான்னு பாக்க ரெண்டு வாளி போதும். முதல் வாளி, வெறும் தண்ணி. எந்தக் கிழங்கைப் போட்டாலும் டொபுக்குனு அடியில போய்டும், ஒண்ணும் தெரியாது. அதுக்காக தண்ணி தூக்கலன்னு இல்ல, 200 மில்லி இடத்தை அடைக்கிற கிழங்கை 200 கிராம் அளவுக்கு மேல தள்ளத்தான் செய்யுது, ஆனா கிழங்கு 215 கிராம் இருந்தா என்ன பண்ண, மிச்ச 15 கிராம் கீழ இழுத்துடுது (கைய விட்டு தூக்கிப் பாருங்க, கனமே தெரியாது).

ரெண்டாவது வாளிலதான் விஷயமே. லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு, நல்லா கரையணும், குளிர்ல லேசுல கரையாது, நான் வெந்நீர்ல கரைச்சு ஆற விட்டேன். இப்ப அதே 200 மில்லிக்கு 213 கிராம் கிட்ட தள்ளும். மாவு கம்மியான கிழங்கு மிதக்கும், அது குழம்புக்கு, குழையாது. மாவு ஜாஸ்தியானது முங்கிடும், வறுவலுக்கு அதான். என் ஓட்டு உப்புக்குத்தான். கழுவ மட்டும்னா வெறும் தண்ணியே போதும், உப்பை ஏன் வீணாக்கணும்.