ஐ.எஸ்.ஏ. மாநாடு: படித்துப் பார்த்து இடம் கொடுக்கிறவர்கள்

ஒவ்வொரு மே மாதமும் ஆராய்ச்சி மாணவர் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்பார்: "மேடம், ஐ.எஸ்.ஏ.வுக்கு அனுப்பலாமா? அவ்வளவு செலவுக்குத் தகுமா?" ஐ.எஸ்.ஏ. என்பது சர்வதேச உறவுகளை ஆராய்கிறவர்களின் சங்கமான இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் அசோசியேஷன். அதன் ஆண்டு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தை ஒட்டி வரும் என்பதால் மே மாதத்தில்தான் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் நேரில் போனது 2019 மார்ச் 27 முதல் 30 வரை டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்கு.

அதற்கு முன்னால் வேறொரு மாநாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, பதவி உயர்வுக்கென்று 2010இல் கொண்டுவந்த மதிப்பெண் முறையால் கல்லூரி ஆசிரியர்களெல்லாம் சர்வதேச மாநாட்டுச் சான்றிதழுக்கு அலைந்த காலம் அது. 'தங்கள் மேலான ஆய்வைக் கண்டோம்' என்று மின்னஞ்சல் வந்தது. சுருக்கம் அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்கள், மூன்றாம் நாள் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன், போனேன். எனக்கு முன்னால் பேசியவர் தென்னை நார் பற்றிப் பேசினார். பின்னால் பேசியவர் வங்கி விளம்பரம் பற்றி. எனக்கு ஏழு நிமிடம். ஒரு கேள்விகூட வரவில்லை. சாப்பாடு, குழுப் படம், ஃபைல் உறையில் சான்றிதழ். அதில் என் கட்டுரைத் தலைப்பே தப்பாக அச்சாகியிருந்தது. அந்த மூன்று நாளில் என் எழுத்தை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது ஊர் திரும்பும் வழியில்தான் உறைத்தது. மனசு விட்டுப் போயிற்று.

அந்தக் காயத்தோடுதான் ஐ.எஸ்.ஏ.வுக்கு அனுப்பினேன். அது 1959இல் தொடங்கிய அமைப்பு. தலைமை அலுவலகம் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டொரண்டோவில் நடந்தது அவர்களுடைய 60ஆவது ஆண்டு மாநாடு. பதிவு, அறை, விசாக் கடிதம் எல்லாம் அலுவலகத்தார் பொறுப்பு. ஆனால் எந்தக் கட்டுரை எந்த அமர்வில் என்று முடிவு செய்வது பேராசிரியர்கள். சுற்றுச்சூழல், சர்வதேசச் சட்டம், பாதுகாப்பு என்று பிரிவு பிரிவாக ஆட்கள் உட்கார்ந்து, தனியாக வந்த சுருக்கங்களைப் படித்து, ஒன்றோடொன்று பேசக்கூடியவற்றைச் சேர்க்கிறார்கள். அவர்களுக்கும் வகுப்பு உண்டு, திருத்த வேண்டிய விடைத்தாள் உண்டு. அதற்கு நடுவேதான் இந்த வேலை.

என் கட்டுரை கச்சத்தீவைப் பற்றியது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தம், 1976 கடிதப் பரிமாற்றம், அப்புறம் பாக் நீரிணையில் மீன்பிடிப்பவர்களுக்கு என்ன ஆனது என்பது. தெற்காசியா என்று ஒரு மூட்டையில் போட்டுவிடுவார்கள், காஷ்மீரும் அணு ஆயுதமும் பேசுகிற நால்வருக்கு நடுவில் உட்காரப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் எனக்கு அடுத்த பெயர் ஒரு கென்யாக்காரர். அவருடைய கட்டுரை மிகிங்கோவைப் பற்றி. விக்டோரியா ஏரியில் இருக்கும் ஒரு பாறைத்தீவு அது. கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது. அதன்மேல் தகரக் கொட்டகைகளை நெருக்கி நெருக்கிப் போட்டு மீனவர்கள் வாழ்கிறார்கள். கென்யாவும் உகாண்டாவும் ஆளுக்கு ஆள் எங்களுடையது என்கின்றன. என் தீவு 285 ஏக்கர், குடியிருப்பவர் யாரும் இல்லை, ஓர் அந்தோணியார் கோயில் மட்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகியும் சச்சரவு தீரவில்லை. அவருடைய தீவில் இடமே இல்லாத அளவுக்கு ஆட்கள், எல்லையோ இன்னும் இழுபறி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இரண்டு சுருக்கங்களையும் கடைசி வரி வரை படித்திருக்கிறார், அது மட்டும் நிச்சயம்.

அமர்வு காலை 8.15க்கு. கேட்க வந்தவர்கள் பதினொரு பேர். ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடும் இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனையோ அறைகளில் அமர்வு நடக்கும், கூட்டம் சிதறத்தான் செய்யும். அதை எதிர்பார்த்தே போங்கள். எங்கள் அறையில் ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஐந்து பேருக்கும் கேள்விகளுக்கும் அளந்து வைத்திருந்தார் தலைவர். டிஸ்கஸன்டாக, அதாவது கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்பவராக, வந்த அம்மாள் ஐந்து கட்டுரைகளையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். என்னுடையதில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி. முடிந்ததும் அந்தத் தாள்களை என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒன்பதாம் பக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: 'எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று படகில் இருப்பவருக்கு எப்போது தெரிகிறது?' நான் ஒப்பந்த வரிகளை அலசியிருந்தேனே தவிர இதை யாரிடமும் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் பாம்பனில் அந்தக் கேள்வியோடுதான் அலைந்தேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அங்கே பிறந்ததுதான்.

அலுவலகத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விசாவுக்கான கடிதம் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் வந்தது. டொரண்டோவில் பதிவு மேசைக்குப் போனபோது அங்கிருந்த பெண், "உங்களை எல்லோரும் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டு, அப்பா பெயர் இல்லாமல் என் பெயரை மட்டும் போட்டு வேறு அட்டை அச்செடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிட வேலைதான். நாலு நாளும் என் பெயராலேயே கூப்பிட்டார்கள்.

செலவு அதிகம்தான். உறுப்பினர் சந்தா வருமானத்துக்கு ஏற்றபடி என்றாலும், பதிவுக் கட்டணம், விமானம், விசா எல்லாம் சேர்ந்து ஒரு கல்லூரி ஆசிரியருக்குப் பெரும் சுமை. பயண உதவித்தொகை கிடைத்தும் டிக்கெட்டில் பாதிகூடத் தேறவில்லை. ஓட்டலில் தங்க வழியில்லாமல் ஸ்கார்பரோவில் ஒரு முன்னாள் மாணவியின் மாமியார் வீட்டில் தங்கினேன். காலையில் இருட்டோடு கென்னடி ஸ்டேஷனில் ரயிலேறி, செயின்ட் ஜார்ஜில் மாறி, ஆஸ்குட்டில் இறங்குவேன். அந்த அன்ரி இலங்கையின் மன்னார்க்காரர். இடியப்பம் கட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "உங்கட ஆக்கள்ட இழுவைப்படகைப் பற்றியும் எழுதினனீங்களோ?" எழுதியிருந்தேன். ஆனால் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன். அன்று மத்தியானம் முழுக்க அந்த அரைப் பக்கமே மனதில் ஓடியது.

அமைப்பாளர்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. ஆண்டு மாநாடு பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலுமே நடக்கிறது. மேற்கைச் சேராத முதல் தலைவராக அமிதாவ் ஆச்சார்யா வந்து, 2015 நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டின் கருப்பொருளாகவே, மேற்கோடு நின்றுவிடாத 'உலகளாவிய சர்வதேச உறவுகள்' என்பதை வைத்தார். கேரளத்தில் பிறந்த டி. வி. பால் தலைவராக இருந்தபோது 2017 பிப்ரவரியில் பால்டிமோரில் கூடினார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழைய டிரம்ப் தடை போட்டிருந்தார். உலக அரசியலைப் பேசும் கூட்டத்துக்கு யார் வரலாம் என்பதை விமான நிலைய அதிகாரி முடிவு செய்கிற நிலைமை. 2020 ஹோனலூலு மாநாடு கொரோனாவால் ரத்தாகி, 2021இல் முழுக்க இணையவழியில் நடந்தபோது நான் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கேட்டேன். அந்த வழியை விட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும், பெரிய மாநாட்டை இந்தப் பக்கமும் கொண்டுவர வேண்டும். நைரோபியிலும் கொழும்பிலும் இருப்பவர்களுக்கு இது சலுகையில்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது.

சரி, மாணவர்களுக்கு. அனுப்புங்கள். முதல்முறை என்றால் உதவித்தொகைக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். சுருக்கத்தில் 'இக்கட்டுரை ஆராய்கிறது' என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல் உங்கள் கேள்வி என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். என் சுருக்கத்தின் கடைசி வரியில் 'ஆளில்லாத தீவு' என்று இருந்தது. கென்யாக்காரருடையதில் 'ஆள் நிறைந்த பாறை'.