ஒரு பட்டன், மூன்று வேலை: மில்லிஸா, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸா, அசிங்க்ஐஓவா?

கந்தப்பளையில் சித்தப்பா ஒரு பொலித்தீன் கூடாரம் போட்டு கோவா, கறிமிளகாய் நாற்று விற்கிறார். வாசல் கம்பத்தில் ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் நடக்கிற வேலை அந்த இடத்திலேயே நின்று அடுத்த வேலை தொடங்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. முதல் வேலை, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 15 விநாடி தண்ணீர் தூவுவது. இரண்டாவது, உரத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 8 நிமிடம் சொட்டுக் குழாயில் விடுவது. மூன்றாவது, எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சும்மா இருப்பது. உள்ளே குனிந்து களை எடுக்கிறவர் முதுகில் இந்தக் குளிரில் தண்ணீர் விழுந்தால் என்ன பேச்சு வாங்க வேண்டி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இதை நான் மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். இப்போது கூடாரத்தில் ஓடுவது, பம்பையும் வால்வையும் இயக்கும் சின்னக் கணினி போர்டில் பைத்தன் மொழியில் எழுத உதவும் மைக்ரோபைத்தனும், பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் அதன் அசிங்க்ஐஓ பகுதியும். அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன்.

குறித்த நேரம் வரை போர்டை அப்படியே நிறுத்தி வைக்கும் 'டிலே' கட்டளை போட்டு எழுதுகிற வழியை இதில் சேர்க்கவே இல்லை. 8 நிமிடம் 'டிலே'யில் நிற்கிற போர்டுக்குப் பட்டன் அழுத்தியது 8 நிமிடம் கழித்துத்தான் தெரியும். நடக்கிற வேலையைச் சற்று இடைமறித்துப் பட்டனைக் கவனிக்கும் இன்டரப்ட் போட்டாலும் அழுத்தியது பதிவாகுமே தவிர, 'டிலே' பாதியில் கலையாது.

முதலில் செய்தது ஆர்டுயினோ ஊனோ போர்டில், அது எழுந்ததிலிருந்து போன மில்லிவிநாடிகளைச் சொல்லும் மில்லிஸ் கணக்குப் பார்த்து. எந்த வேலையில் இருக்கிறோம், அதில் எந்தப் படியில், அந்தப் படி எப்போது தொடங்கியது என்று மூன்று எண்களை வைத்துக்கொண்டு லூப் சுற்றிச் சுற்றி வரும். 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ரேம் உள்ள சின்னச் சில்லுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. கரண்ட் போய் வந்தால் உடனே எழுந்துவிடும். 49 நாளுக்கு மேல் ஓடினால் மில்லிஸ் பூச்சியத்துக்குத் திரும்புமே என்று பலர் பயப்படுவார்கள். 'இப்போது கழித்தல் அப்போது' என்று குறியில்லா (மைனஸ் வராத) எண்ணில் கணக்குப் போட்டால் அதுவும் பிரச்சினை இல்லை. எழுதின ஆள் பக்கத்தில் இருக்கும்வரை குறை சொல்ல ஒன்றும் இல்லாத வழி.

ஆனால் நான் கொழும்பில் வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் மேலே வருவேன். மற்ற நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வது சித்தப்பா மகன், உயர்தரம் படிக்கிற தம்பி. உரத் தொட்டிக்குக் கலக்கி மோட்டர் வந்தபோது அவனே புரோகிராமில் அதைச் சேர்த்தான், நன்றாகவே சேர்த்தான். உர வேலை தொடங்கும் படியில் கலக்கியை ஓடவிட்டான், முடியும் படியில் நிறுத்தினான். பாதியில் பட்டன் அழுத்தினால் என்ன ஆகும்? அதற்கான மூடும் வரிகள் நாற்பது வரி கீழே, பட்டனைப் பார்க்கும் இடத்தில் இருந்தன. அங்கே கலக்கியின் பெயர் இல்லை. ஒரு சாயந்திரம் சித்தப்பா பாதியில் அழுத்திவிட்டு வீட்டுக்குப் போக, கலக்கி விடிய விடிய ஓடியிருக்கிறது. "அக்கா, மோட்டர்ல கை வைக்க முடியல, கொதிக்குது" என்று காலையில் போன் வந்தது.

தப்பு அவனுடையது இல்லை. திறக்கிற வரி ஒரு மூலையிலும் மூடுகிற வரி இன்னொரு மூலையிலும் இருக்கும்படி எழுதி வைத்தது நான். வேலைகள் கூடக் கூட, எந்த வேலையில் எந்தப் படியில் நின்றாலும் எதை எதை மூட வேண்டும் என்ற பட்டியலை ஆள்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். மில்லிஸை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் வேலைக்கு ஒரு 'நுழை', ஒரு 'வெளியேறு' என்று பிரித்து இதைச் சரிக்கட்டுவார்கள். அப்படிப் பிரித்து எழுதினாலும், வெளியேறும் பகுதியில் ஒரு வரி விட்டுப்போனால் கேட்க ஆள் இல்லை.

அடுத்தது ஈஎஸ்பி32 போர்டு, அதில் பல வேலைகளுக்கு நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சின்ன இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ். ஈஎஸ்பி32 இரண்டு கோர் உள்ள சில்லு, வேலைக்கு ஒரு டாஸ்க், அதாவது தனியாக ஓடுகிற ஒரு புரோகிராம் துண்டு. ஒவ்வொன்றையும் நேர்கோட்டில் எழுதலாம்: திற, காத்திரு, மூடு. பட்டன் அழுத்தினால் பழைய டாஸ்க்கை அழித்துவிட்டுப் புதியதைத் தொடங்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. அழித்தால் அந்த டாஸ்க் இருந்த இடத்திலேயே செத்துவிடும். திறந்த வால்வு திறந்தபடி, மற்ற டாஸ்க் தொடாதபடி பிடித்திருந்த பூட்டு பூட்டியபடி. கலக்கி கதைதான் மறுபடியும், வேறு வேடத்தில். அழிக்காமல் 'நிறுத்திக்கொள்' என்று அறிவிப்பு அனுப்பி, டாஸ்க் சும்மா தூங்குவதற்குப் பதில் அந்த அறிவிப்புக்காகக் காலக்கெடு வைத்துக் காத்திருக்கும்படி எழுதினால் அழகாக வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு காத்திருப்புக்குப் பிறகும் 'நிறுத்தச் சொன்னார்களா' என்று பார்க்கிற வரியை எழுதியே ஆக வேண்டும். அதோடு டாஸ்க்குக்கு எவ்வளவு ஸ்டாக் நினைவகம் ஒதுக்குவது என்ற கணக்கு வேறு. நான் இதை மேசையில் இரண்டு வாரம் ஓட்டியதோடு சரி, கூடாரத்துக்குக் கொண்டுபோகவில்லை. அதனால் இதைப் பற்றிய என் தீர்ப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே ஈஎஸ்பி32இல் மைக்ரோபைத்தனை ஏற்றியபோதுதான் மனம் நிம்மதியானது. அசிங்க்ஐஓவிலும் வேலை நேர்கோடுதான். வித்தியாசம், வெட்டுகிற விதத்தில். டாஸ்க்கைக் கேன்சல் செய்தால், அது காத்துக்கொண்டிருக்கும் அவெய்ட் வரியில் ஒரு எக்செப்ஷன், அதாவது வேலையை இடையில் முறிக்கும் அறிவிப்பு, எழும். வேலை முழுவதும் டிரை (வேலை), ஃபைனலி (கடைசியில் செய்ய வேண்டியது) என்ற கூட்டுக்குள் இருந்தால், எந்த வரியில் வெட்டினாலும் ஃபைனலி ஓடியே தீரும். திறக்கிற வரிக்கு நாலு வரி கீழே மூடுகிற வரி, ஒரே திரையில். தம்பிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: எதை ஓடவிட்டாலும் அதே ஃபங்ஷனின் ஃபைனலியில் அதை நிறுத்து. பட்டன் பகுதியை அவன் தொடவே வேண்டியதில்லை. புது வேலை வேண்டுமென்றால் ஒரு ஃபங்ஷன் எழுதி, பட்டியலில் பெயரைச் சேர்த்தால் போதும். கம்பைல் செய்யும் பாடும் இல்லை. லெப்டொப்பில் தொன்னி என்ற எடிட்டரைத் திறந்து, 15ஐ 20 ஆக்கி, சேமித்து விட வேண்டியதுதான்.

குழி இல்லாத பாதை என்று சொல்ல மாட்டேன். இரண்டு குழியில் நானே விழுந்தேன்.

ஒன்று, கேன்சல் என்றவுடன் வேலை அந்தக் கணமே முடிந்துவிடாது. எங்கள் ஃபைனலியில் முதலில் பம்ப் நிற்கும், குழாயில் அழுத்தம் இறங்க 2 விநாடி காத்திருக்கும், பிறகு வால்வு மூடும். நான் கேன்சல் செய்த கையோடு அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டேன். புது வேலை பம்பை ஓடவிட்டது, பழைய வேலை 2 விநாடி கழித்து நல்ல பிள்ளையாக வால்வை மூடியது. மூடின குழாயில் பம்ப் முக்கிக்கொண்டு நின்றது. கேன்சல் செய்த டாஸ்க்கையே அவெய்ட் செய்து, அது முழுதாக முடிந்த பிறகு அடுத்ததைத் தொடங்க வேண்டும். அப்படிக் காத்திருக்கிற இடத்துக்கும் அந்தக் கேன்சல் எக்செப்ஷன் வந்து சேரும், அங்கே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சென்சார் சில சமயம் பிழை காட்டுகிறதே என்று பிழையைப் பிடிக்கும் வெறும் 'எக்செப்ட்' போட்டு வைத்திருந்தேன். அது கேன்சலையும் சேர்த்து விழுங்கிவிட்டது. பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் தூவல் பாட்டுக்குத் தூவிக்கொண்டிருந்தது. 'எக்செப்ட் எக்செப்ஷன்' என்று எழுதினால் கேன்சல் அதில் சிக்காது, மைக்ரோபைத்தனில் அது வேறு கிளையில் இருக்கிறது. இன்னொன்று, ஒரு டாஸ்க் தன்னைத்தானே கேன்சல் செய்ய முடியாது. மாற்றுகிற வேலையைப் பட்டன் பார்க்கிற டாஸ்க்கிடமே விட்டுவிடுங்கள்.

அசிங்க்ஐஓவில் யாரும் யாரையும் பிடுங்குவதில்லை, ஒவ்வொருவரும் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவருக்கு முறை. டைம் மொட்யூலின் சாதாரண ஸ்லீப்பை ஒரு இடத்தில் தெரியாமல் போட்டால் பட்டன் உட்பட எல்லாமே உறையும். ஃப்ரீஆர்டிஓஎஸ் இந்த ஒரு விஷயத்தில் மேல். நான் வாச்டோக் என்ற காவல் டைமருக்குப் பட்டன் டாஸ்க்கிலிருந்து விடாமல் சைகை ஊட்டுகிறேன். எவனாவது பாதையை அடைத்துக்கொண்டால் போர்டு தானே ரீசெட் ஆகும்.

பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை, இது மூன்று வழிக்கும் பொது. மெக்கானிக்கல் பட்டன் அழுத்தும்போது சில மில்லிவிநாடி ஒட்டி விலகித் துடிக்கும், 30 மில்லிவிநாடி கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்தால் போதும். எங்களுடையது 12 மீட்டர் வயர். பம்ப் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அந்த வயரில் மின் இரைச்சல் ஏறி, யாரும் அழுத்தாமலே வேலை மாறியது. நான் இரண்டு இரவு புரோகிராமைத் திட்டினேன். பட்டன் வயரை மேல் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் 4.7 கிலோஓம் புல்அப் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டரும் போட்டதும் அடங்கியது. ஈஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையான பின்களில் உள்ளே புல்அப் கிடையாது, வெளியே போட்டே ஆக வேண்டும். பட்டனுக்கு இன்டரப்ட் தேவையே படவில்லை. 20 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற டாஸ்க் ஒன்று போதும், மனிதர் விரல் அதைவிட மெதுவானது.

மைக்ரோவிநாடி பிசகாமல் ஸ்டெப்பர் மோட்டர் ஓட்டுகிறவர்கள் இதற்கு வர வேண்டாம். மைக்ரோபைத்தன் நடுநடுவே குப்பை கூட்ட, அதாவது வேண்டாத நினைவகத்தைக் காலி செய்ய, நின்று வரும். வால்வுக்கு அது தெரியாது, ஸ்டெப்பருக்குத் தெரியும். பற்றரியில் மாதக்கணக்கில் தூங்க வேண்டிய கருவிக்கும் நான் ஊனோவின் அந்தச் சில்லையே எடுப்பேன். ஒரு எல்ஈடி, ஒரு ரிலே, இரண்டே நிலை என்றால் மில்லிஸ் தாராளம், அதற்குப் போய் அசிங்க்ஐஓ படிக்கத் தேவையில்லை.

போன மாதம் தம்பி நாலாவதாக ஒரு வேலை சேர்த்திருக்கிறான், ஈரம் கூடினால் மின்விசிறி ஓட்ட. என்னைக் கேட்கவில்லை, பிறகுதான் ஃபைலை அனுப்பினான். திறந்ததும் நேரே ஃபைனலியைத்தான் பார்த்தேன். விசிறியை நிறுத்துகிற வரி இருந்தது.