பத்து டிகிரியில் தொங்கும் கேமரா: ஸ்டார் டிராக்கர், மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வானத்தோடு சேர்ந்து கேமராவைச் சுழற்றி, நட்சத்திரம் கோடாக இழுபடாமல் பார்த்துக்கொள்ளும் மோட்டார் கருவிதான் ஸ்டார் டிராக்கர். இதன் விலை குறைந்த நாளிலிருந்து "இப்ப வாங்கலாமாண்ணே?" என்று ஒரே கேள்வி. அதே வாரத்தில்தான் இந்த டிராக்கரின் வெட்ஜ் (டிரைபாடுக்கும் டிராக்கருக்கும் நடுவே சரிவை மாற்றும் அடிப்பகுதி) லேத் பட்டறையிலிருந்து புது மரையோடு திரும்பி வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். எவ்வளவு எடை தாங்கும், எத்தனை பேட்டரி, என்ன வேகத்தில் சுற்றும் என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்கே தெரியும். மதுரையில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் பெட்டியில் வருகிற கையேட்டில் இல்லை.

மதுரை 9.9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் தரையிலிருந்து அதே பத்து டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வானம் அதைச் சுற்றியே சுழல்வதாகத் தெரிவதால் டிராக்கரின் அச்சையும் அதை நோக்கித்தான் வைக்க வேண்டும். அப்படித் திருப்பினால் கருவி கிட்டத்தட்டப் படுத்துவிடும். படுத்த கருவியின் வடக்கு முனையில் பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்பும் பிடி), அதன் மேல் கேமரா, லென்ஸ் என எல்லாம் டிரைபாடுக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும். 40, 50 டிகிரி அட்சத்தில் இருக்கிற நாடுகளில் கருவி நிமிர்ந்து நிற்பதால் எடை நேராக டிரைபாடின் மேல் இறங்குகிறது. இந்த வெட்ஜை வரைந்தவர் மனதில் இருந்தது அந்த ஊர்கள்தான்.

உயரத்தை மாற்ற அடியிலிருந்து தள்ளுகிற ஒரே ஒரு திருகு. 45 டிகிரியில் வைத்தால் அது பாதிக்கு மேல் உள்ளே இருக்கும். பத்து டிகிரிக்குக் கொண்டுவர அதைக் கடைசி வரை வெளியே இழுக்க வேண்டும். அப்போது அலுமினியத்தில் பிடித்திருப்பது மூன்று அல்லது நான்கு மரை. ஒன்றேகால் கிலோ கேமராவும் லென்ஸும் அந்த நான்கு மரையில் நெம்புகின்றன. அளவுகோலில் 0 வரை கோடு போட்டிருக்கிறார்கள். கோடு போடுவதற்கு மரை தேவையில்லை அல்லவா! இரண்டாம் வருடத்தில் திருகு வெறுமனே சுற்ற ஆரம்பித்தது, மூன்றாம் வருடத்தில் மரை முழுதாகத் தேய்ந்துவிட்டது.

சரிசெய்த விதம், இதே நிலையில் இருப்பவர்களுக்காக: பழைய 6 மி.மீ. துளையை 10 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டிய ஸ்டீல் புஷ் ஒன்றை இறுக்கி அடித்தாயிற்று. கூடவே வந்த திருகைத் தூக்கிப் போட்டுவிட்டு 20 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் போல்ட். பத்து டிகிரியிலும் இப்போது பத்து மரைக்கு மேல் பிடிக்கிறது. போல்ட்டில் ஒரு லாக் நட் போட்டு, அலைன் செய்து (அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்கி) முடித்ததும் அதை இறுக்குவது அவசியம். பித்தளை புஷ் வேண்டாம். ஸ்டீல் போல்ட்டிடம் பித்தளையும் தேயும்.

மரை போவதற்கு முன்பும் தொய்வு இருந்தது, அதுதான் உண்மையான தொல்லை. கேமரா இல்லாமல் போலார் ஸ்கோப்பில் (அச்சின் வழியே பார்க்கும் சின்னத் தொலைநோக்கியில்) துருவனைக் குறியில் வைத்துவிட்டு, பிறகு கேமராவை ஏற்றினால் அச்சு ஒரு டிகிரி வரை கீழே இறங்கிவிடும். ஒரு டிகிரி எவ்வளவு கெடுக்கும் என்பது லென்ஸைப் பொறுத்தது. அச்சு ஒரு டிகிரி தப்பினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) நகரும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சல் என்பதே 16 ஆர்க் செகண்ட். எனவே 60 வினாடிப் படத்தில் அந்தத் தப்பு கண்ணில் படாது. 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 6 ஆர்க் செகண்ட். அதே தப்பு இரண்டரை பிக்சல் கோடாக இழுபடும். இந்தக் கருவி 50 மி.மீ. வைத்திருப்பவருக்குத் தங்கமாகவும் 135 வைத்திருப்பவருக்குத் தலைவலியாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். பத்து டிகிரி உயரத்தில் காற்றின் ஒளிவிலகல் துருவனை 5 ஆர்க் மினிட் மேலே தூக்கிக் காட்டும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 200 மி.மீ. வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேமராவை ஏற்றி, படமெடுக்கப் போகும் திசைக்கே திருப்பிய பிறகுதான் அலைன் செய்ய வேண்டும். கேமராவைச் சமன் செய்ய எதிர் எடைத் தண்டு போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அச்சு படுத்திருப்பதால் தண்டு செங்குத்தாகச் சுற்றி வடக்குக் காலில் போய் இடிக்கும். டிரைபாடின் ஒரு காலை வடக்கே வைப்பதுதான் வழக்கமான அறிவுரை. இங்கே அதைத் திருப்பிப்போட்டு ஒரு காலைத் தெற்கே, இரண்டு கால்களின் இடைவெளியை வடக்கே வைக்க வேண்டும். கவிழாமல் இருக்கத் தெற்குக் காலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிடலாம். திருமங்கலம், காரியாபட்டி பக்கக் கரிசல் மண்ணில் கால் மெல்ல மெல்ல அமிழும். அரை மணி நேரத்தில் அலைன்மென்ட் போய்விடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு உடைந்த டைல்ஸ் துண்டு போதும்.

அடுத்தது துருவனைக் கண்டுபிடிக்கிற பாடு. இது வெட்ஜின் குற்றம் இல்லை, நம் ஊரின் இருப்பு அப்படி. பத்து டிகிரி உயரத்தில் வருகிற ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப்போல ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. பங்குனி, சித்திரைப் புழுதியில் இரண்டாம் பிரகாச நட்சத்திரமான துருவன் நான்காம் பிரகாசமாக மங்கிவிடும். நகர வெளிச்சத்துக்குத் தப்பித் தெற்கே காரியாபட்டிக்குப் போனால் மதுரையின் வெளிச்சக் குடை சரியாக வடக்கில், துருவன் மேலேயே கவிந்து நிற்கும். வடக்கே அழகர்கோவில், நத்தம் என்று போனால் மலை மறைக்கும். கணக்கு எளிது: மறைக்கிற பொருளின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். 300 மீட்டர் மலைக்கு 1.8 கிலோமீட்டர், 20 மீட்டர் பனைக்கு 120 மீட்டர், 5 மீட்டர் சீமைக்கருவேல மரத்துக்கு 30 மீட்டர். கிழக்கே மானாமதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரைகள்தான் நல்ல இடம். வெளிச்சம் மேற்கே ஒதுங்கிவிடும், வடக்கும் தெற்கும் திறந்து கிடக்கும். தை மாதத்தில் தண்ணீர் ஓரம் என்பதால் நள்ளிரவுக்கு முன்பே லென்ஸில் பனி படியும். யூஎஸ்பி ஹீட்டர் பட்டையை முன்கூட்டியே சுற்றிவிட வேண்டும், படிந்த பிறகு துணியால் துடைக்கவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத துருவன் கேமராவுக்குத் தெரியும். 50 மி.மீ. லென்ஸை வடக்கே திருப்பி ஐஎஸ்ஓ 1600ல் 3 வினாடி எடுத்துப் பார்த்தால் புகைமூட்டத்திலும் புள்ளியாக நிற்கும். அதையே அலைன்மென்டுக்கும் பயன்படுத்தலாம். கேமராவை அச்சுக்கு நேராக வடக்கே வைத்து, 30 வினாடி எக்ஸ்போஷர் போட்டு, கிளட்சைத் தளர்த்திக் கையால் மெதுவாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். எல்லா நட்சத்திரமும் வில்லாக வளையும். அந்த வில்களின் மையம்தான் உங்கள் அச்சு. துருவனின் வில் மிகச் சிறியதாக, மையத்திலிருந்து முக்கால் டிகிரிக்குள் வந்துவிட்டால் 50 மி.மீ. வேலைக்கு அது போதும்.

துருவன் அறவே தெரியாத இடத்தில் போன் காம்பஸும் ரசமட்டமும்தான் துணை. நம் பகுதியில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஒன்று முதல் இரண்டு டிகிரி மேற்கே விலகும். ஆப்பில் 'உண்மை வடக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது சரியாகும். போனை டிராக்கரின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. உள்ளே மோட்டாரில் காந்தம் இருக்கிறது. இரண்டு மீட்டர் பின்னால் நின்று திசை பார்த்து, தூரத்தில் ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு டிராக்கரை அதை நோக்கித் திருப்ப வேண்டும். பிறகு டிரிஃப்ட் முறை, அதாவது நட்சத்திரம் நழுவும் திசையை வைத்து அச்சைத் திருத்துவது: தெற்கு உச்சியில் இருக்கும் ஒரு நட்சத்திரம், உதாரணமாக ஓரியன் இடுப்பு, படத்தில் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தப்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. கிழக்கில் உதித்து ஏறும் நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. தொய்வுள்ள வெட்ஜில் எப்போதும் வருவது இந்தக் கடைசித் தப்புதான்.

இனி நியாயமாகச் சொல்ல வேண்டியது. மோட்டார் மூன்று வருடத்தில் ஒரு நாளும் சொதப்பவில்லை. உள்ளே 144 பல் சக்கரம். ஒரு பல் கடக்க 598 வினாடி. அந்தப் பத்து நிமிடச் சுற்றுக்குள் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும். 135 மி.மீ.ல் 60 வினாடிப் படங்கள் பத்து எடுத்தால் ஏழு தேறும். கிழக்குப் பக்கம் எடையைச் சற்றுக் கூட்டி வைத்தால் பற்கள் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும், எட்டு கூடத் தேறும். டிராக்கர் இல்லாமல் 50 மி.மீ.ல் வினாடிக்கு ஒரு பிக்சல் வீதம் நட்சத்திரம் இழுபடும் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் தெற்கு வானம். துருவனைத் தரையோடு ஒட்ட வைத்த அதே அட்சம்தான் தெற்கே இப்படி அள்ளிக் கொடுக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து லண்டனில் உதிப்பதே இல்லை. இங்கே சித்திரை நடுநிசியில் 32 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 135 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 60 வினாடி, 40 படத்தை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து அடுக்கினால் கொத்து 360 பிக்சல் அகலத்துக்கு விரிந்து, ஓரத்து நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். முதல் தடவை சிரில் மென்பொருளில் அடுக்கி ஸ்ட்ரெட்ச் செய்யும்போது (மங்கலானதை வெளிச்சமாக்கும்போது) அந்த மணல்தூவல் எழுந்து வருவதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடில்லை. மாசி நடுநிசியில் கரினா நெபுலா 20 டிகிரி உயரத்தில், அதற்குச் சற்றுக் கீழே கிழக்கில் திரிசங்கு (தென் சிலுவை). தை மாத இரவில் அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) 27 டிகிரி. கேட்டையும் அதைச் சுற்றியுள்ள வண்ண மேகங்களும் 53 டிகிரி வரை ஏறும். வைகாசியில் நடுநிசி, மாசியில் விடிவதற்கு முன்.

தெற்கே பார்க்கும்போது கேமரா டிராக்கரின் உடலுக்கு மேலாகப் பின்னோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். படத்தின் கீழே டிராக்கரே விழும். 15 செ.மீ. டவ்டெய்ல் ரயிலில் (சறுக்கிப் பொருத்தும் உலோகப் பட்டையில்) பால் ஹெட்டைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் விலகிவிடும். சித்திரை இரவு 28 டிகிரி வெப்பத்தில் சென்சார் இரைச்சல் கடுமை. அங்கேயே அப்போதே லென்ஸ் மூடியைப் போட்டு, இரைச்சலைக் கழிக்க 20 டார்க் படம் (இருட்டுப் படம்) எடுத்தாக வேண்டும், வீட்டுக்கு வந்து ஏசியில் எடுத்தது பொருந்தாது. கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், பாதி இரவை அது தின்றுவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாங்க வேண்டாம், இந்த வெட்ஜோடு வேண்டாம். தனி டிராக்கர் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் அட்சம் 9.5க்கும் 10.3க்கும் நடுவில்தான். நமக்கு 0 முதல் 70 வரை ஏறி இறங்குகிற வெட்ஜே எதற்கு? லேத் பட்டறையில் அலுமினியக் கட்டை ஒன்றைப் பத்து டிகிரி சரிவாக வெட்டி, 3/8 அங்குல மரை போட்டுத் தரச் சொல்லலாம். அதில் ஆடுவதற்கு எதுவுமே இல்லை. நுண்ணிய திருத்தத்துக்கு டிரைபாடின் தெற்குக் கால் போதும்: கால்களுக்கு இடையே 90 செ.மீ. இருந்தால், அதை 1.4 செ.மீ. நீட்ட அச்சு ஒரு டிகிரி தாழும், குறைக்க உயரும்.

செட்டாகத்தான் தருவோம் என்று கடையில் சொன்னால், பணம் கொடுக்கும் முன் வெட்ஜைப் பத்து டிகிரிக்கு இறக்கச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை மரை பிடித்திருக்கிறது என்று எண்ணுங்கள். ரசமட்டத்தை அதன் மேல் வைத்து, உங்கள் கேமராவை மாட்டி, குமிழி நகர்கிறதா என்று பாருங்கள்.